சர்க்கரைப் பூச்சு வேலை

முதல் நாள் வகுப்பில் இருந்தவர்களைச் சொல்கிறேன். சொல்லிக் கொடுக்கும் மேடம். கண்ணாடி போட்ட ஒரு பெண்; கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டவர். ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஆறு மாதம் கர்ப்பமாக இருந்த ஒரு பெண். அப்புறம் நான். ஐந்து பேர். அதில் ஆம்பளை நான் ஒருவன்.

மேடவாக்கத்தில் ஐந்தாம் மாடி வீடு. லிஃப்ட் இருந்தது. இல்லாவிட்டால் நான் போயிருக்க முடியாது.

நான் கொத்தனார். பதினெட்டு வருஷம் பூச்சு வேலை. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். துரைப்பாக்கம் பக்கம் ஒரு கட்டிடத்தில் மூன்றாம் மாடி உயரத்தில் சாரக் கட்டு அவிழ்ந்தது. விழுந்தேன். வலது தொடையில் பிளேட் வைத்தார்கள். ஏறக்கூடாது, ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாரம் ஏறாத கொத்தனாரை யாரும் கூப்பிடுவதில்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். என் மனைவி தாம்பரம் சானட்டோரியம் பக்கம் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நின்றுகொண்டே துணி வெட்டுவாள். அந்தச் சோற்றைத்தான் தின்றேன்.

செம்பாக்கத்தில் ஒரு பேக்கரி. முதலாளியை எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம். அவர் கடை முகப்பில் இரண்டு தூண். மேலே சிமெண்டில் பூவும் கொடியும் நான் போட்டது, விழுவதற்கு முந்தின வருஷம். ஒரு நாள் டீ குடிக்கப் போனேன்.

“இன்னா மேஸ்திரி, காலு எப்படி கீது?”

“நடக்குது பாய்.”

“உக்காந்து செய்ற வேலை ஒண்ணு கீது. செய்வியா?”

“இன்னா வேலை?”

அவர் தூணைக் காட்டினார். “சிமெண்ட்ல இத்த போட்டவன் சக்கரையில போட மாட்டியா?”

அப்போது புதிதாக ஃபிளாட்டுகளுக்குக் குடிவந்தவர்கள் கம்ப்யூட்டரில் எடுத்த படத்தோடு கடைக்கு வந்தார்கள். க்ரீம் வேண்டாம், சுவர் மாதிரி வழவழவென்று இருக்கணும், மேலே பூ இருக்கணும் என்று கேட்டார்கள். அதற்கு ஃபாண்டன்ட் என்று பெயர். சர்க்கரையைப் பிசைந்து, சப்பாத்தி போலத் தேய்த்து, கேக்கின் மேல் போர்த்துவது. கடையில் இருந்த கேக் மாஸ்டருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

“மேடவாக்கத்துல ஒரு மேடம் கத்துக் குடுக்குது. பீசு நான் கட்டிக்கிறேன்,” என்றார் பாய். “மூணு வாரத்துல ஒரு கல்யாண ஆர்டர் கீது. மூணு அடுக்கு. அது நல்லபடியா போச்சுன்னா உனக்கு இங்க ஒரு நாற்காலி. போலன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. நாற்காலி என்றது மட்டும் விழுந்தது.

காலையில் வகுப்பு. மதியத்துக்கு மேல் கடையில் பழக்கம். அப்படி ஏற்பாடு.

வகுப்பில் முதல் நாள் சர்க்கரை மாவைக் கொடுத்துப் பிசையச் சொன்னார் மேடம். நான் மேசையில் மாவைக் குவித்தேன். நடுவில் குழி எடுத்து வட்டமாகக் கரை கட்டினேன். குழியில் பாகை ஊற்றி, ஓரத்தில் இருந்து மாவைத் தள்ளினேன். கலவை போடுவது அப்படித்தான். டீச்சர் சிரித்துவிட்டார்.

“அண்ணா, ஜல்லி போட மறந்துட்டீங்க.”

மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தேய்ப்பது எனக்கு வந்தது. எல்லா இடமும் ஒரே கனம். போர்த்திய பிறகு தடவிவிட ஒரு கட்டை கொடுத்தார்கள். பிளாஸ்டிக், மேலே பிடி. சுவர்ப் பூச்சைத் தேய்க்கிற எங்கள் மணியாஸ் கட்டையின் குட்டி. அதைக் கையில் வாங்கியதும் கொஞ்சம் தைரியம் வந்தது. மூலைகளை இழுத்து மட்டம் பண்ணினேன். ஓரத்தில் ஒரு விரிசல் விட்டது. நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் டம்ளரில் தண்ணீர் இருந்தது. கையை விட்டுத் தெளித்தேன்.

“ஐயோ அண்ணா! இன்னா பண்றீங்க!” மேடமே மெட்ராஸ் பாஷையில் கத்திவிட்டார்.

தெளித்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்து ஒழுகியது.

“தண்ணிதான் இதுக்கு எதிரி. விரிசல் வந்தா வனஸ்பதி தொட்டுத் தேய்ங்க. தண்ணியைக் கிட்டயே விடாதீங்க.”

சரி என்றேன். சிமெண்டுக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் செத்தது. இங்கே காட்டினால் செத்தது. கைக்கு அதைச் சொல்லிக் கொடுக்க நாலு நாள் ஆனது.

மேடம் இன்னொன்றும் சொன்னார். கையில் இருக்கும் மாவு காய்ந்துபோகக் கூடாது, வேலை நடக்கும்போது மிச்ச மாவை பிளாஸ்டிக்கில் சுற்றி மேலே ஈரத்துணி போட்டு மூடி வைக்கணும். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. பூசின சுவருக்கும் தூணுக்கும் ஈரச் சாக்கு சுற்றுவது எனக்குத் தெரிந்ததுதானே. அங்கே எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பூ வேலை வந்தபோது விரல்களைப் பற்றி பயந்தேன். சிமெண்ட் தின்ற விரல். நுனியெல்லாம் வெடிப்பு. ரோஜா இதழை ஓரம் மெலிதாகும்படி விரலால் அழுத்தணும். அவர்கள் செய்த இதழ் கண்ணாடி போல இருந்தது. என் இதழில் கோடு கோடாக விழுந்தது. ஒளித்து வைத்தேன். கண்ணாடி போட்ட பெண் எடுத்துப் பார்த்தார்.

“மேடம், இங்க பாருங்க. அண்ணா போட்ட இதழ்ல நரம்பு தெரியுது. நிஜ ரோஜா மாதிரி. எதால போட்டீங்கண்ணா?”

விரலைக் காட்டினேன். மேடம், “இதை அப்படியே விடுங்க, மாத்தாதீங்க,” என்றார்.

வீட்டில் மைதா மாவை வைத்துப் பழகினேன். மனைவி வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்து பார்ப்பாள்.

“சொவுத்துக்குப் பூசினவரு கேக்குக்குப் பூசுறாரு. அடுத்து இன்னாயா, என் மூஞ்சிக்குப் பவுடர் பூசுவியா?”

“மூஞ்சி மட்டமா இல்ல.”

“அடப் பாவி மனுசா,” என்று காலால் உதைத்தாள். இடது காலை. வலது காலைத் தொடமாட்டாள். எட்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கடையில் மாஸ்டர் என்னோடு பேசமாட்டார். ஐம்பது வயது இருக்கும். க்ரீம் பூசுவதில் தாம்பரம் வட்டாரத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை என்பார்கள். நான் மேசையைப் பிடித்தால், “கொத்தனாரே, தள்ளு,” என்பார். ஒரு தடவை, “தூக்குகுண்டு கொண்டாந்தியா? கேக்கு சாஞ்சு கீதான்னு பாக்க,” என்றார். வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

கல்யாண ஆர்டர் வந்தது. மேடவாக்கத்தில் ஒரு மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மாலை வரவேற்பு. மூன்று அடுக்கு, மேலிருந்து கீழே இறங்குகிற மாதிரி முப்பத்தாறு ரோஜா.

மாவில் ஜெலட்டின் சேர்ப்பது வழக்கம். பாய் வேண்டாம் என்றார். “எந்த மிருகத்துல எடுத்ததுன்னு தெரியாம என் கடையில வராது. கடல்பாசி போடு.” மேடத்திடம் கேட்டேன். போடலாம், ஆனால் இழுவை குறையும், ஓரம் வெடிக்கலாம், பார்த்து என்றார்.

பூக்களை அந்த வாரமே செய்து முட்டை அட்டையில் காயவைத்து அலமாரியில் பூட்டினேன். சனிக்கிழமை மாஸ்டர் மூன்று கேக்கையும் சுட்டு, மேல் சீவி, அடுக்குக்குத் தயாராக வைத்தார். யாரும் பார்க்காதபோது குனிந்து கண்ணால் மட்டம் பார்த்தேன். ஒரு நூல் ஏற்ற இறக்கம் இல்லை. என்னைப் பிடிக்காவிட்டாலும் வேலையில் கையை மாற்றவில்லை அவர்.

நாலு மணிக்கு மூன்றும் போர்த்தி முடித்தேன். பாய் மூன்று தடவை சுற்றி வந்தார்.

“மார்பிள் மாதிரி கீது மேஸ்திரி.”

ஆறு மணிக்குப் பார்த்தேன். அடி அடுக்கின் ஓரத்தில் மயிரிழை போல விரிசல். வனஸ்பதி தொட்டுத் தேய்த்தேன். மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறு இடத்தில் வந்தது. அந்த அறை அடுப்பறைக்குப் பக்கத்து அறை. சூடு. மேலே ஃபேன். வேகமாகக் காய்கிறது, அதனால் வெடிக்கிறது என்று நினைத்தேன். பூசின அன்றைக்கே வெயிலில் காய்ந்த சுவர் எப்படி வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் தெளிக்கக் கூடாது. அது ஞாபகம் இருந்தது. ஆனால் மூடி வைக்கலாம். ஈரத்துணி போட்டு மூடச் சொன்னது மேடம்தானே. மாவுக்குச் சொன்னதை கேக்குக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

புது மல்துணி எடுத்து நனைத்து மூன்று முறை பிழிந்தேன். சொட்டு விழாமல் பிழிந்தேன். மூன்று அடுக்குக்கும் சுற்றினேன். நழுவாமல் இருக்க, தூணுக்குச் சாக்கு கட்டுவது போல, சணலால் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். கதவைச் சாத்தினேன். மாஸ்டர் வாசலில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தேன். அறை திறந்திருந்தது. பாய் கையில் அந்தத் துணி. சர்க்கரை அதில் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. சணல் தரையில் கிடந்தது. கேக்கின் மேல்பக்கம் பாகாகிவிட்டது. பக்கவாட்டில் இருந்தது மழையில் நனைந்த பூச்சு போலச் சரிந்து அடியில் தேங்கியிருந்தது.

பாய் என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டரைப் பார்த்துக் கத்தினார்.

“பத்தொம்பது நாளா வயிறு எரிஞ்சுகினு இருந்தியே, இப்ப குளுந்துச்சா?”

“நான் போடல பாய்.”

“அப்ப துணி தானா நடந்து வந்துச்சா? இவன் வேலைய இவனே கெடுத்துக்குவானா? நேத்து கடைசியா இருந்தது யாரு? நீ தானே?”

“நான் தான் பூட்டினேன். நான் போடல.”

நான் கதவுப் பக்கம் நின்றேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. நாற்காலி போய்விடும் என்று மட்டும் தோன்றியது. மனைவி அந்த நேரம் வெட்டு மேசை முன்னால் நின்றிருப்பாள், ஞாயிறும் ஓவர்டைம். அதுவும் தோன்றியது. இப்போது இதை எழுதும்போது காரணம் போல இருக்கிறது. அப்போது காரணமெல்லாம் இல்லை. நாக்கு எழும்பவில்லை.

பாய் வாயில் வந்ததெல்லாம் சொன்னார். மாஸ்டரின் அப்பாவைக்கூட இழுத்தார். மாஸ்டர் தரையில் கிடந்த சணலைக் குனிந்து எடுத்தார். முடிச்சைப் பார்த்தார். அது பேக்கரிக்காரன் போடுகிற முடிச்சு இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான். சணலைச் சுருட்டி ஜோபியில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு மணி நேரம் குடு பாய்,” என்றார். “க்ரீம் போட்டுத் தரேன்.”

சுரண்டி எடுத்தார். கழுவித் துடைத்த மாதிரி அத்தனை சுத்தம். க்ரீம் பூச ஆரம்பித்தார். பாதியில் என் பக்கம் திரும்பாமல் கையை நீட்டினார்.

“கொத்தனாரே, அந்தக் கட்டைய குடு.”

கொடுத்தேன். என்னிடம் அவர் கேட்டு வாங்கிய முதல் சாமான் அதுதான். க்ரீமில் அதை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். என் பூச்சை விட அது வழவழப்பாக இருந்தது.

அலமாரியைத் திறந்து பூக்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. எல்லாம் முழுசு. க்ரீமின் மேல் இப்போதே வைத்தால் சாயங்காலத்துக்குள் சர்க்கரைப் பூ இளகிவிடும். மண்டபத்தில் போய்த்தான் வைக்கணும்.

“அந்த ரோட்ல முட்டையே முழுசா போவாது,” என்றார் பாய். “இந்தப் பூவாவது போய்ச் சேந்தா நீ பொழச்ச. கல்யாணக்காரங்க கையில நான் இன்னா சொல்றதுன்னு எனக்கே தெரியல.”

வேனில் பின்னால் உட்கார்ந்தேன். கேக் முன்னால். பூத்தட்டு என் மடியில். செம்பாக்கம் ஏரி தாண்டியதும் ரோடு இல்லை, குழிதான். தண்ணி லாரி ஒன்று முன்னால் ஒழுகிக்கொண்டே போனது, அது போகிற இடமெல்லாம் சேறு. ஒவ்வொரு குழியிலும் தட்டை மடியில் இருந்து தூக்கிக் கையில் தாங்கினேன். குலுக்கல் என் தொடையில் இறங்கியது. பிளேட் வைத்த இடத்தில் பல் கடிக்கிற வலி. காலைக் கீழே ஊன்றினால் வலி குறையும், தட்டு ஆடும். ஊன்றவில்லை.

மண்டபத்தில் பெண்ணின் அண்ணன் கேக்கைப் பார்த்தார். “க்ரீமா? நாங்க கேட்டது வேற இல்ல?”

“பாய் போன்ல சொல்றேன்னாரு சார்.”

“சொன்னாரு, சொன்னாரு. எங்க அம்மா கிட்ட யார் சொல்றது?”

நான் பூ வைக்க ஆரம்பித்தேன். உடைந்தது இரண்டு. மீதி முப்பத்தொன்பது. முப்பத்தாறை இறக்கமாக வைத்தேன். அவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு இதழைத் தொட்டார்.

“நிஜப் பூவா?”

“சக்கரை சார்.”

“அம்மாவைக் கூட்டினு வரேன்,” என்று போனார்.

மண்டப வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற மஞ்சள் போன் இருந்தது. பாய்க்குப் போட்டேன்.

“பூ வச்சாச்சு பாய். ரெண்டுதான் உடைஞ்சுது.”

“அந்த ரோட்லயா? ரெண்டே ரெண்டா?” அவர் குரல் மாறிவிட்டது. “இப்பதான் அவங்களும் பேசினாங்க. பூவ பாத்து வாய் பொளந்துட்டாங்களாம். நீ நாளைக்கு வந்துடு மேஸ்திரி. உன் நாற்காலி கீது. இவன இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடறேன். பத்து வருசம் சோறு போட்டேன், எனக்கே வேலை காட்டுறான்.”

போனில் டொக் டொக்கென்று சத்தம் வந்தது. ஒரு ரூபாய் முடியப் போகிறது.

“பாய், அந்தத் துணி நான் போட்டது.”

“இன்னா?”

லைன் நின்றுவிட்டது.

அப்படியே விட்டிருக்கலாம். கேட்டாரோ இல்லையோ. ஜோபியில் இன்னொரு காசு இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் ஒருவர், “பேசறியா, இல்ல நகர்றியா?” என்றார். போட்டேன்.

“துணி நான் போட்டேன் பாய். சுவத்துக்குச் சாக்கு போடுற மாதிரி போட்டேன். மாஸ்டர் இல்ல.”

டொக் டொக்கென்று காசு ஓடியது.

“இத்த காலைல சொல்ல உனக்கு வாய் இல்லையா?”

“இல்ல பாய்.”

“அவர் மூஞ்சில நான் இப்ப எப்படி முழிப்பேன்? அப்பன் பேரெல்லாம் இழுத்தேனே. நீ வராத. அவரா கூப்ட்டா வா. நான் கூப்ட மாட்டேன்.”

மிச்சப் பூ மூன்றையும் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் திட்டவில்லை.

“எப்ப சொன்ன?”

“சாயங்காலம்.”

“காலைலயே சொல்லி இருக்கலாம்.”

“ஆமா.”

பூக்களை ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு, எறும்பு ஏறாமல் மூடி, டி.வி. மேல் வைத்தாள். மறுநாள் வழக்கம் போல வேலைக்குப் போனாள். நான் வழக்கம் போல வீட்டில் இருந்தேன். செம்பாக்கம் பக்கம் போகவில்லை. மேடத்திடமிருந்து ஒரு தடவை பக்கத்து வீட்டுப் போனுக்கு அழைப்பு வந்தது. மீதி வகுப்புக்கு வரச் சொன்னார்கள். கால் வலி என்று சொல்லச் சொன்னேன். அது பொய் இல்லை.

ஒரு நாள் மதியம் மாஸ்டர் சைக்கிளில் வந்தார். விலாசம் யாரிடம் வாங்கினார் என்று தெரியாது. உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

“அந்த மண்டபத்துல பாத்தவங்க நாலு பேரு பூ கேட்டுகினு வர்றாங்க. எனக்கு அந்த எழவு வராது. நாளைக்கு வா.”

“பாய் இன்னா சொல்றாரு?”

“பாய் இன்னா சொல்றது? நான் கூப்டறேன்.”

அவர் பார்வை டி.வி. மேல் இருந்த பாட்டிலுக்குப் போனது. அங்கேயே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

“அன்னிக்குக் கதவாண்ட நின்ன பாரு, வாய மூடிகினு. அத்த நான் மறக்க மாட்டேன் கொத்தனாரே.”

“சரி மாஸ்டர்.”

“துணி கிணி ஒண்ணும் எடுத்துகினு வராத.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் மனைவி வந்ததும் சொன்னேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் காலண்டர் முன்னால் போய் நின்றாள். அந்த ஞாயிறில் இருந்து ஒவ்வொரு தேதியிலும் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறாள். நான் அதுவரை பார்க்கவில்லை. விரல் வைத்து எண்ணினாள்.

பதினேழு நாள்.